பழைய எஸ்யூவியின் பின் டிஃபரன்ஷியல் ஆயிலை நாமே மாற்றலாமா?

கேள்வி இதுதான்: இருபது வயதை நெருங்கும் ஒரு எஸ்யூவி. கைமாறி வந்தது. ஓடியது 2 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். பின் டிஃபரன்ஷியல் ஆயிலை, அதாவது பின் அச்சின் நடுவில் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியின் ஆயிலை, முன்பு வைத்திருந்தவர் எப்போதாவது மாற்றினாரா என்பதே தெரியாது. வேகம் 70-ஐத் தாண்டினால் பின்னாலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் வருகிறது. ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா, எந்த ஆயில் ஊற்ற வேண்டும், மாற்றினால் சத்தம் நிற்குமா?

மாற்றலாம். எஞ்சின் ஆயில் மாற்றத் தெரிந்தவருக்கு இது அதைவிடக் கடினமான வேலை இல்லை, ஃபில்டர்கூடக் கிடையாது. சத்தம் மட்டும் அநேகமாக நிற்காது. ஒரு வகை வண்டிக்கு மட்டும் அதில் விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால் ஆயில் ஊற்றுவது இந்த வேலையில் சின்னப் பகுதிதான். உங்கள் ஆக்சிலுக்குள் (பின் அச்சுக்குள்) எந்த மாதிரி டிஃபரன்ஷியல் இருக்கிறது என்று திறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வதும், வெளியே வரும் பழைய ஆயிலைப் படித்துப் பார்ப்பதும்தான் பெரிய பகுதி. அதில் கோட்டைவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த ஆயிலும் பயன் தராது.

முதலில், இந்த ஆயில் ஏன் தனி ரகம் என்று பார்த்துவிடலாம். கியர்பாக்ஸ் பக்கமிருந்து பின்னால் ஓடும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாக வரும் சுழற்சியைப் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் வாங்கி, கிரவுன் வீல் என்ற பெரிய சக்கரத்துக்குத் தருகிறது. பெரும்பாலான வண்டிகளில் பினியன், கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுத் தள்ளி, வழக்கமாகக் கீழே அமைந்திருக்கும். இதற்கு ஹைப்பாய்டு அமைப்பு என்று பெயர். 1920களின் பிற்பாதியில் பேக்கார்ட் கார்களில் வந்தது. ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது, சத்தமும் குறைந்தது. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல், நீளவாக்கில் உரசிக்கொண்டே சறுக்கவும் ஆரம்பித்தன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் அறுந்துபோகும். அதனால்தான் டிஃபரன்ஷியல் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மங்களைக் கலக்கிறார்கள். பற்கள் உரசிச் சூடேறும் இடத்தில் இவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய மேல்பூச்சாகின்றன. பல்லுக்குப் பதிலாக அந்தப் பூச்சு தேய்கிறது. கேனைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் இந்தக் கந்தகத்தினுடையதுதான். பழைய சட்டை போட்டுக்கொண்டு வேலையில் இறங்குங்கள், துவைத்தாலும் போகாது.

இன்னொன்று, டிஃபரன்ஷியலில் ஆயில் பம்பு இல்லை, வடிகட்டி இல்லை. கிரவுன் வீலின் அடிப்பகுதி ஆயிலில் முங்கிச் சுழலும்போது வாரி இறைப்பதுதான் எல்லா பேரிங்குக்கும் கிடைக்கும் எண்ணெய். தேய்ந்து விழும் இரும்புத் தூளும் அதோடு சேர்ந்தே சுற்றும், நாம் வடித்து எடுக்கும் வரை. சில கையேடுகளில் 'ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை' என்று எழுதியிருப்பார்கள். வண்டியின் ஆயுளா, வாரண்டியின் ஆயுளா என்று அந்த வரியில் இருக்காது. பல பழைய கையேடுகள் சொல்வது ஏறக்குறைய 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. டிரெய்லர் இழுப்பவர்கள், தண்ணீரில் இறங்கி ஏறுபவர்கள், எப்போதும் பாரம் ஏற்றுபவர்கள் அதில் பாதி தூரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சரித்திரம் தெரியாத வண்டி என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை.

சரி, உள்ளே இருப்பது என்ன வகை? இதைத்தான் பலரும் கேட்காமல் விடுகிறார்கள். சாதாரண திறந்த வகை டிஃபரன்ஷியலா, சக்கரம் வழுக்குவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகையா என்பதுதான் முதல் கேள்வி. லிமிடெட் ஸ்லிப்பிலும் கிளட்ச் தட்டுகள் உள்ளது ஒன்று, பல்சக்கரங்களாலேயே இயங்கும் டோர்சன் போன்றது இன்னொன்று. கிளட்ச் தட்டு வகைக்கு ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற சேர்மானம் வேண்டும். அது இல்லாமல் ஊற்றினால் திருப்பங்களில் தட்டுகள் விட்டுவிட்டுப் பிடித்து, பின்பக்கம் கடகடவென்று உதறும். சில கேன்களில் அதை முன்கூட்டியே கலந்திருப்பார்கள், லேபிளில் லிமிடெட் ஸ்லிப்புக்கு ஏற்றது என்று இருக்கும். சிலவற்றுக்குத் தனிச் சிறு பாட்டில் வாங்கிக் கலக்க வேண்டும். 'இருந்தால் நல்லதுதானே' என்று அளவுக்கு மேல் கலந்தால் தட்டுகள் பிடிமானம் இழந்து, லிமிடெட் ஸ்லிப் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். டோர்சன் வகைக்குப் பொதுவாக இது தேவைப்படாது.

கண்டுபிடிப்பது எப்படி? ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் ஆக்சில் குறியீடு இருக்கும். சில அமெரிக்க வண்டிகளில் டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டில் சின்னத் தகடு தொங்கும். அந்தக் குறியீட்டைக் கையேட்டில் தேடினால் பல்விகிதமும் வகையும் தெரிந்துவிடும். கைச்சோதனையும் உண்டு. முன் சக்கரங்களுக்கு அடை வைத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கைப்பிரேக்கை விட்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட் சுழலாதபடி கியரில் அல்லது ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் போடுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றும்போது மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் எளிதாகச் சுற்றினால் திறந்த வகை. அசையவே மறுத்தால் கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப். ஆனால் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் கிளட்ச் தட்டுகள் தேய்ந்துபோய், லிமிடெட் ஸ்லிப்பே திறந்த வகைபோல நடிக்கும். அதனால் கைச்சோதனை ஒன்று சொல்லி, தகடு வேறொன்று சொன்னால் தகட்டை நம்புங்கள்.

விதிவிலக்கு என்று சொன்னது ஹோண்டா சிஆர்-வி. 1990களின் நடுவில் வந்த முதல் தலைமுறையிலிருந்து பல ஆண்டுகள், அதன் நான்கு சக்கர இயக்க மாடல்களின் பின் டிஃபரன்ஷியலில் இரண்டு ஹைட்ராலிக் பம்புகளும் ஒரு கிளட்சும் சேர்ந்தே இருந்தன. ஒரு பம்பை புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும், இன்னொன்றைப் பின் சக்கரங்கள் சுற்றும். முன் சக்கரம் வழுக்கி இரண்டின் வேகமும் வேறுபட்டால் அழுத்தம் உண்டாகி, கிளட்ச் பிடித்துக்கொள்ளும். அதற்கென்றே டூயல் பம்ப் ஃபுளூயிட் என்ற தனித் திரவம் இருக்கிறது. அங்கே சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் கிளட்சைக் கெடுத்துவிடுவீர்கள். இந்த வண்டிகளில் திரவம் பழசாகிப்போனால், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்னாலிருந்து முனகலும் நடுக்கமும் வரும். அந்த முனகல் பெரும்பாலும் திரவத்தை மாற்றினாலே போய்விடும். மாற்றியபின் காலி இடத்தில் இரண்டு பக்கமும் வட்டமடித்து ஓட்ட வேண்டும். அப்படியும் கொஞ்சம் மிச்சமிருந்தால் இன்னொரு முறை மாற்றினால் சரியாகிவிடும். உங்களுக்கு 70-க்கு மேல்தான் சத்தம் என்பதால் இந்தக் கதை உங்களுடையது இல்லை. மற்ற நிறுவனங்களின் மென்ரக எஸ்யூவிகளிலும் பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் மின்கட்டுப்பாட்டுக் கிளட்ச் இருப்பது உண்டு. அதற்குத் தனி அறையும் தனித் திரவமும் இருக்கலாம். எந்தத் துளை எதற்கு என்று கையேட்டில் படம் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

ஆயில் தேர்வுக்கு வருவோம். லேபிளில் பார்க்க வேண்டியவை இரண்டு: ஜிஎல்-5 என்ற தரமும், 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 போன்ற தடிமன் எண்ணும். ஹைப்பாய்டு பற்களுக்கு ஜிஎல்-5 தான். மேனுவல் கியர்பாக்ஸ்கள் பலவற்றுக்கு ஜிஎல்-4 கேட்பார்கள், காரணம் அங்கே கியர் மாறும்போது வேகத்தைச் சமன்படுத்தும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை. சில ஜிஎல்-5 ஆயில்களின் கந்தகம் அதை அரிக்கும். மிச்சமான டிஃபரன்ஷியல் ஆயிலைக் கியர்பாக்சில் ஊற்றித் தீர்க்கலாம் என்ற சிக்கனம் வேண்டாம். தடிமன் எண்ணைப் பார்த்து மிரளவும் வேண்டாம். கியர் ஆயிலின் எண்கள் எஞ்சின் ஆயிலின் எண்களிலிருந்து வேறான அளவுகோல். 90 என்ற கியர் ஆயில், சூடான நிலையில் ஏறக்குறைய 40 அல்லது 50 எண்ணுள்ள எஞ்சின் ஆயிலின் தடிமனில்தான் இருக்கும்.

டொயோட்டாவின் பழைய கையேடுகளில் மைனஸ் 18 டிகிரிக்கு மேல் 90, அதற்குக் கீழே 80டபிள்யூ அல்லது 80டபிள்யூ-90 என்று வெப்பநிலையைப் பிரித்தே கொடுத்திருப்பார்கள். இன்று நல்ல சிந்தெடிக் 75டபிள்யூ-90 ஒன்றே இந்த இரண்டு நிலைக்கும் போதும், அதிகச் சூட்டிலும் தாக்குப்பிடிக்கும். மினரல் ஆயில் போட்டாலும் குடி முழுகிப்போகாது, கொஞ்சம் சீக்கிரம் மாற்றிக்கொண்டால் சரி. நான் ஒத்துக்கொள்ளாதது ஒன்றுதான்: சத்தத்தை அமுக்குவதற்காகக் கையேட்டில் இல்லாத 140-ஐ ஊற்றுவது. சத்தம் கொஞ்சம் குறையும், தேய்மானம் அப்படியே இருக்கும். காதுக்குத் தெரியாமல் போவது மட்டுமே லாபம், அது லாபமும் இல்லை.

எவ்வளவு வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். தனி இரும்புச் சட்டத்தின் (சேசிஸ்) மேல் கட்டிய பெரிய எஸ்யூவிகளில் பெரும்பாலும் 2 முதல் 3 லிட்டர், சிஆர்-வி போன்றவற்றில் ஒரு லிட்டரை ஒட்டி. அளவைவிட அரை லிட்டர் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், பம்பிலும் குழாயிலும் சிந்துவதிலும் கொஞ்சம் போகும். பிளக்குகளுக்குப் புது வாஷர், அளவு குறித்த வடிகலம், கையுறை, கைப்பம்பு. இவ்வளவுதான் சாமான்.

இனி வேலை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி: ஆயிலை வடிக்கக் கீழே உள்ள டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன், ஆயில் ஊற்ற மேலே உள்ள ஃபில் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். பழைய ஆயிலை வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்து வர மறுத்தால் வண்டி இருந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். ஆயில் இல்லாத டிஃபரன்ஷியலோடு மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஃபில் பிளக், டிஃபரன்ஷியலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் நடு உயரத்தில், பின்பக்கமோ முன்பக்கமோ இருக்கும். பல டொயோட்டாக்களில் 24 மில்லிமீட்டர் அறுகோணத் தலை. சிஆர்-வியில் 3/8 அங்குலச் சதுரக் குழி, ரேச்செட் கைப்பிடியின் முனையே அதில் நேராக உட்காரும். வேறு சிலவற்றில் ஆலன் சாவி. ஜீப்புகளில் வந்த டானா 35 போன்ற சில ஆக்சில்களில் வெறும் ரப்பர் அடைப்பு, ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வந்துவிடும்.

வராத பிளக்குக்குப் பொறுமை வேண்டும். கம்பித் தூரிகையால் தேய்த்து, குழி இருந்தால் அதற்குள் இறுகிய மண்ணைச் சுரண்டி எடுங்கள். மண் இருந்தால் சாவி முழு ஆழம் இறங்காது, அப்புறம் குழி உருண்டையாகிவிடும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே அடித்து ஊற விடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட்டைத் தவிர்த்து ஆறு முனை சாக்கெட்டையே போடுங்கள். பிளக்கின் தலையில் சுத்தியலால் நான்கு தட்டு தட்டி, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்பினால் பலமுறை பிடி விட்டுவிடும். நெருப்புச் சுடரைக் காட்டாதீர்கள், பெட்ரோல் டேங்க்கும் பிரேக் குழாய்களும் பக்கத்திலேயே இருக்கின்றன.

பிளக் கழல்வது உறுதியானதும் திரும்ப மூடிவிட்டு, வண்டியை 15, 20 நிமிடம் ஓட்டி வாருங்கள். குளிர்ந்த கியர் ஆயில் பாகுபோல இழுத்துக்கொண்டு வரும். சூடானது சளசளவென்று வடியும், அடியில் படிந்த தூளையும் அள்ளிக்கொண்டு வரும். எஸ்யூவி உயரமானது என்பதால் பலவற்றில் தூக்காமலேயே கீழே படுத்து வேலையை முடிக்கலாம். சமதளத்தில் அப்படியே செய்வதுதான் நல்லது, ஏனென்றால் ஆயில் மட்டம் வண்டி சமமாக நிற்கும்போதுதான் சரியாக வரும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் நான்கு பக்கமும் ஒரே உயரத்துக்கு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இல்லையென்றால் தூக்கி வடித்துவிட்டு, இறக்கி நிரப்புங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, இரண்டு நிமிட வேலை என்றாலும். தகர மூடி உள்ள டிஃபரன்ஷியலில் ஜாக்கியை அந்த மூடியில் முட்டுக்கொடுக்காதீர்கள், நசுங்கி ஒழுக ஆரம்பிக்கும்.

டிரெயின் பிளக் உள்ள ஆக்சில் என்றால், மேல் பிளக்கைக் கழற்றி, கீழ் பிளக்கைக் கழற்றி, கால் மணி நேரம் வடிய விட வேண்டியதுதான். பல அமெரிக்க ஆக்சில்களில் டிரெயின் பிளக்கே இருக்காது, பின்மூடியைத் திறந்தாக வேண்டும். எல்லா போல்ட்டையும் தளர்த்துங்கள், ஆனால் மேலே உள்ள இரண்டை நாலைந்து மரை மிச்சம் வைத்து விட்டுவிடுங்கள். அடிப்பக்கத்தை மெல்ல நெம்பினால் ஆயில் கீழே வழியும், மூடி உங்கள் முகத்தில் விழாது. இந்த வகையில் வேலை கூடுதல்தான், ஆனால் பற்களைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கிறது. விளக்கடித்து, கிரவுன் வீலைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பல்லின் முகத்தையும் பாருங்கள். வழுவழுப்பான தேய்மானத் தடம் இருப்பது இயல்பு. அம்மைத் தழும்புபோலக் குழிகள், முனை உடைந்த பல், நீலம் பாரித்த இடம் இருந்தால் ஆயிலால் தீரும் பிரச்சினை இல்லை. அடியில் கிடக்கும் சேற்றைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்தெடுங்கள்.

மூடியைத் திரும்பப் பொருத்த, இரண்டு முகங்களிலும் பழைய பசையைச் சுரண்டி, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, கியர் ஆயிலுக்கு என்றே சொல்லப்பட்ட சிலிக்கோன் கேஸ்கெட் பசையை ஒரே தொடர் கோடாக இட வேண்டும். போல்ட் துளைகளின் உட்பக்கமாகக் கோடு போக வேண்டும். பசை காய டியூபில் எழுதியிருக்கும் நேரத்தைக் கொடுத்த பிறகுதான் ஆயில். அவசரப்பட்டு அன்று மாலையே ஊற்றி, மறுநாள் தரையில் எண்ணெய் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

இப்போது பழைய ஆயிலைப் பார்ப்போம். நிதானம் இங்கேதான் வேண்டும். முதலில் அளவு. கையேடு 2.5 லிட்டர் சொல்லி, கலத்தில் ஒன்றரைதான் இருக்கிறது என்றால் ஒரு லிட்டர் எங்கோ போயிருக்கிறது. பினியன் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) அருகே, அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் இடத்தில், எண்ணெயும் புழுதியும் அப்பியிருக்கிறதா? பின் சக்கரங்களின் உட்பக்கம் ஈரமா? ஆக்சில் சீல் போனால் ஆயில் நேராகப் பின் பிரேக்குக்குள் இறங்கும். பிரேக் ஷூ நனைந்துவிட்டால் அதைத் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும். குறைந்த ஆயிலோடு எவ்வளவு தூரம் ஓடியது என்று தெரியாது, ஆனால் ஊளைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அளவுக்கு மேல் வந்தால் அனேகமாக யாரோ வண்டி சாய்ந்து நின்றபோது நிரப்பியிருப்பார்கள், அல்லது தண்ணீர் புகுந்திருக்கும்.

அடுத்தது நிறம். புது கியர் ஆயில் தேன் நிறம். பழசு கறுத்திருந்தால் அதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. பால் கலந்த காபி நிறத்தில் நுரைத்திருந்தால் அது தண்ணீர். சந்தேகமாக இருந்தால் கொஞ்சத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஓர் இரவு வையுங்கள், கலக்காத தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப்பில் தட்டுகளின் பொடியால் ஆயில் சாதாரணத்தைவிடக் கறுப்பாக வரும்.

மூன்றாவது காந்தம். பல டிரெயின் பிளக்குகளின் முனையில் காந்தம் இருக்கும், இல்லாவிட்டால் ஆயிலுக்குள் ஒரு காந்தத்தை விட்டு எடுங்கள். சாம்பல் நிறத்தில் கிரீஸ்போல ஒரு குழம்பு ஒட்டியிருப்பது வழக்கம், 2 லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு தொப்பி அளவுக்குக் குவிந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். அதை இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் நல்லது. மணல்போல நறநறத்தால் கவனம். தலைமுடி போன்ற இழைகள், நகத்துணுக்கு அளவில் செதில்கள், விளிம்பு தெரியும் துண்டு ஆகியவை பேரிங்கோ பல்லோ உடைவதற்கான அடையாளம். காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறச் செதில்கள் கண்ணில் பட்டால், நடுவிலுள்ள சின்னப் பல்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் வாஷர்கள் தேய்கின்றன என்று கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஒப்பிட உதவும்.

தண்ணீர் கண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரீதரைப் பார்த்துவிடுங்கள். ஆக்சில் குழாயின் மேலே சின்ன மூடி போட்ட வால்வாகவோ, மேலே சட்டம் வரை போகும் ரப்பர் குழாயாகவோ இருக்கும். ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரிகிறது, அதற்குப் போக்கிடம் இதுதான். மண் அடைத்துக்கொண்டால் அழுத்தம் சீல்கள் வழியே எண்ணெயைத் தள்ளும். சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் இதற்கு நேர்மாறாக உள்ளே உறிஞ்சும், அடைத்த பிரீதர் என்றால் சீல் உதட்டின் வழியே தண்ணீரையே உறிஞ்சும். ஒழுகுகிறது என்று சீல் மாற்றி, மறுபடி ஒழுகி, மறுபடி மாற்றும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சின்ன வால்வைத்தான். கழற்றி, கழுவி, ஊதிப் பார்த்துப் போடுங்கள். உலர்ந்து வெடித்த குழாய் என்றால் மாற்றுங்கள்.

மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி உள்ளே கழுவலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வேண்டாம். ஆக்சில் குழாய்களிலும் பேரிங்குகளிலும் தங்குவது முழுசாக வெளியே வராது, புது ஆயிலை நீர்க்க வைக்கும். அழுக்கு அதிகம் என்றால் சாதாரண ஜிஎல்-5 ஆயிலை ஊற்றி, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து, அதன்பின் நல்ல ஆயில் போடுங்கள். அதைவிடச் சுத்தமான கழுவல் இல்லை.

நிரப்புவது சுலபம். டிரெயின் பிளக்கின் காந்தத்தைத் துடைத்து, புது வாஷரோடு போட்டு இறுக்குங்கள். டொயோட்டாவின் 24 மில்லிமீட்டர் பிளக்குகள் பலவற்றுக்கு 49 நியூட்டன் மீட்டர், சிஆர்-விக்கு 47. இந்த இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் மிதமான கைப்பலம் போதும். கூம்பு மரை உள்ள, வாஷர் இல்லாத பிளக்குகளை ஏறி நின்று இறுக்கினால் ஹவுசிங்கே விரிசல் விடும், அலுமினிய ஹவுசிங் என்றால் மரை கழன்றுவிடும். கைப்பம்பால் மேல் துளை வழியாக ஏற்றுங்கள், அல்லது மேலிருந்து நீளக் குழாய் விட்டுப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடியுங்கள். துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு ஆயில் வழியத் தொடங்கினால் நிறைந்துவிட்டது என்று பொருள். சில ஆக்சில்களுக்கு விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், அங்கே விரலை மடக்கி உள்ளே விட்டு மட்டம் பார்க்கலாம். ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள், ஆக்சில் குழாய்களுக்குள் பரவி மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். வழிவது நின்றதும் மேல் பிளக்கைப் போடுங்கள். கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் என்றால் காலி இடத்தில் மெதுவாக எட்டு போட்டு ஓட்டுங்கள், சேர்மானம் தட்டுகளுக்குள் போக அதுதான் வழி. பழைய ஆயிலை மூடியுள்ள கலத்தில், கூலன்ட்டோடும் பிரேக் ஆயிலோடும் கலக்காமல் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக அந்த ஊளை. டிஃபரன்ஷியலைக் குற்றம் சொல்வதற்கு முன் டயர்களைப் பாருங்கள், ஏறுக்கு மாறாகத் தேய்ந்த டயர் அச்சு அசலாக அதே சத்தம் போடும். சாலையின் தளம் மாறும்போது சத்தமும் மாறினால் டயர்தான். வண்டியை மெல்ல இடமும் வலமும் வளைக்கும்போது ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் சக்கர பேரிங். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும், காலை எடுத்ததும் வேறு மாதிரியும் மாறினால்தான் சந்தேகம் பினியன், கிரவுன் வீல் பக்கம் போக வேண்டும். முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது ணங் என்று அடித்தால் முதலில் புரொப்பல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட்டை ஆட்டிப் பாருங்கள். பினியன் ஃபிளாஞ்சை, அதாவது ஷாஃப்ட் வந்து பொருந்தும் தட்டை, கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது தளர்வு தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அப்போது 'நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் சரியாகும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல ஆக்சில்களில் அந்த நட்டின் இறுக்கம், உள்ளே நசுங்கும் ஒரு குழாய் வழியாகப் பேரிங்கின் முன்சுமையை, அதாவது அது எவ்வளவு அழுத்தத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை, தீர்மானிக்கிறது. கண்மூடி இறுக்கினால் இருக்கிற பேரிங்கும் போகும்.

காந்தத்தில் வெறும் குழம்புதான், ஆயில் அளவும் சரி, ஃபிளாஞ்சில் தளர்வு இல்லை என்றால் ஊளையோடே ஓட்டலாம். அதே அளவில் முனகிக்கொண்டே பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும் ஆக்சில்கள் உண்டு. எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்த வேகத்தில் மறைகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, 5,000 கிலோமீட்டர் போனதும் டிரெயின் பிளக்கைத் திறந்து காந்தத்தைப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் அடுத்த மாற்றத்தைக் கையேட்டுக் கணக்குக்கே விட்டுவிடலாம். செதில் தென்பட்டால், அல்லது சத்தம் முன்பைவிடக் குறைந்த வேகத்திலேயே தொடங்கினால், ஆக்சிலைப் பிரித்துப் பேரிங் மாற்றத் தெரிந்தவரிடம் காட்டும் நேரம் வந்துவிட்டது.